ஊடாடும் வெண்பலகையும் கற்றல் கோட்பாடுகளும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வகுப்பில் பலகை மாட்டியாகிவிட்டது. பேனாவும் கையில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று ஆசிரியர் பயிற்சிகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு நாலே வரி. கேள்விகளின் எடையும் அப்படித்தான் இருக்கிறது.

ஊடாடும் வெண்பலகை, ஸ்மார்ட் போர்டு, டச் பேனல்: எல்லாம் ஒன்றுதானா?

வேலை ஒன்று, உடம்பு வேறு. ‘ஸ்மார்ட் போர்டு’ என்பது உண்மையில் ஒரு நிறுவனப் பொருளின் பெயர். கனடாவின் கால்கரியைச் சேர்ந்த ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் 1991-ல் அதைக் கொண்டுவந்தது. பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டதால் இன்று எந்தக் கம்பெனிப் பலகையையும் அப்படியே சொல்கிறோம்.

பழைய வகையில் புரொஜெக்டர் ஒரு படத்தைப் பலகைமேல் வீசும். பலகை தொடுதலை உணர்ந்து கணினிக்குச் சொல்லும். இப்போது பெரும்பாலும் வருவது தட்டையான பெரிய திரை, அதாவது தொலைக்காட்சி மாதிரி தானே ஒளிரும் பேனல். மூன்றாவது வகையில் உணரும் வேலையையும் புரொஜெக்டரே செய்துவிடும், சாதாரணச் சுவர் போதும்.

பாடம் நடத்துகிறவருக்கு இதில் தெரிய வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். புரொஜெக்டர் என்றால் உங்கள் நிழல் எழுத்தின்மேல் விழும், ஒதுங்கி நின்று எழுதப் பழக வேண்டும். பேனல் என்றால் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசும். ஓரத்து இருக்கையில் ஒருமுறை நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உட்காரும் பிள்ளைக்குப் பாதிப் பலகை வெறும் பளபளப்பாகத்தான் தெரியும்.

நான் தொட்டது பலகைக்கு எப்படித் தெரிகிறது?

இது தெரிந்திருந்தால் பாதிக் கோளாறுகளை நீங்களே சரிசெய்துவிடலாம். சில பலகைகளில் மெல்லிய இரண்டு படலங்கள் இருக்கும். அழுத்தும் இடத்தில் அவை ஒன்றையொன்று தொடும். விரல், மூடிய பேனா, எதை வைத்து அழுத்தினாலும் வேலை செய்யும். மின்காந்த வகைக்கு அதற்கென்று உள்ள பேனா வேண்டும், அது தொலைந்தால் அன்றைய பாடமும் போச்சு. பல பேனல்களில் சட்டத்தின் ஓரம் முழுக்க அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் திரையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எது அந்தக் கோட்டை மறித்தாலும் அதற்கு ‘தொடுதல்’தான். சட்டைக் கை, ஓரத்தில் படிந்த தூசி, உட்கார்ந்திருக்கும் பூச்சி, எல்லாம்.

அதனால் நீங்கள் தொடாத இடத்தில் புள்ளி விழுகிறதா, கோடு பாதியில் அறுகிறதா, டெக்னீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னால் சட்டத்தின் உள்ளோரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். புரொஜெக்டர் பலகையில் நீங்கள் தொடும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு என்றால் காலிபரேஷன், அதாவது தொடும் இடத்தையும் திரைப் படத்தையும் பொருத்தும் அமைப்பு, நழுவியிருக்கிறது. யாரோ மேசையை இடித்திருப்பார்கள். அமைப்புகளில் அதைத் திறந்து, திரையில் வரும் குறிகளை வரிசையாகத் தொட்டால் போதும்.

இது வந்தால் மதிப்பெண் உயருமா?

பலகையால் மட்டும் உயராது. இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பிரிட்டன். 2002 முதல் 2004 வரை அங்கே தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் அரசு இந்தப் பலகைகளை வைத்துப் பார்த்தது. நியூகாசில் பல்கலைக்கழகம் அதை ஆராய்ந்தது. முதல் ஆண்டில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது, இரண்டாம் ஆண்டில் அது நிலைக்கவில்லை. லண்டன் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த இன்னொரு விரிவாக்கத் திட்டத்தைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் பலகையால் மதிப்பெண் கூடியதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது நியூகாசில் குழு வகுப்பறைக்குள் உட்கார்ந்து கவனித்தது. பலகை இருந்த வகுப்பில் பாடம் வேகமாக ஓடியது, குழுவாகச் செய்யும் வேலைக்கு நேரம் குறைந்தது. ஆசிரியர் கேட்பார், ஒரு மாணவர் சொல்வார், ஆசிரியர் ‘சரி’ என்பார், அடுத்த கேள்வி. வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த சின்க்ளேரும் கூல்தார்டும் 1975-லேயே பதிவுசெய்த இந்தப் பழைய சுழற்சி மாறவே இல்லை, வேகம் மட்டும் கூடியது.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1983-ல், ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் ஓர் உவமை சொன்னார். மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரி நம் உடம்பின் ஊட்டத்தை மாற்றாது. அதுபோல, பாடத்தைச் சுமந்து வரும் ஊடகம் கற்றலை மாற்றாது என்று. நான் அவரோடு முழுக்க உடன்படவில்லை. சில சாமான்கள் சில வண்டியில்தான் கெடாமல் வந்து சேரும். ஆனால் பலகை வாங்க முடிவெடுக்கும் கூட்டங்களில் இந்த உவமையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே பாடத்தின் பக்கம் திரும்பும்.

அப்படியானால் கரும்பலகையே போதாதா?

பல பாடங்களுக்குப் போதும். ஒரு கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்ட சாக்பீஸை மிஞ்ச எதுவும் இல்லை. எழுதும் வேகமும் பிள்ளைகள் யோசிக்கும் வேகமும் ஒத்துப்போகும்.

கரும்பலகையால் முடியாத சில வேலைகள் இருக்கின்றன. வரைந்ததை அழிக்காமல் நகர்த்துவது. இருக்கும் ஒன்றை மறைத்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. முந்தைய நிலைக்குத் திரும்பிப் போவது. நேற்றைய பலகையை இன்று அப்படியே கொண்டுவருவது. என் அனுபவத்தில் இந்த நான்கில் ஒன்றாவது பாடத்துக்குத் தேவைப்பட்டால்தான் பலகையைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விலை கூடிய கரும்பலகைதான்.

கற்றல் கோட்பாடுகள் தேர்வுக்குப் படித்ததோடு சரி. பலகைக்கு அவை எதற்கு?

ஒவ்வொரு பலகைச் செயலுக்கும் பின்னால் ஒரு கோட்பாடு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, நாம் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். சரியான பெட்டியில் சொல்லை இழுத்துப் போட்டதும் கைதட்டல் ஒலிக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்கின்னர், பரிசு கிடைக்கும் செயல் வலுப்படும் என்று சொன்ன உளவியலாளர்.

1953-ல் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது. போட்டது சரியா தப்பா என்று தெரிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில்தான் அவர் தன் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். சின்னச் சின்னப் படி, உடனடிப் பதில். வாய்பாடு, எழுத்துக்கூட்டு போன்ற பயிற்சிக்கு அது இன்றைக்கும் பொருந்தும். ஆனால் கவனியுங்கள்: அவருடைய இயந்திரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தானே பதில் தர வேண்டும். நம் பலகை விளையாட்டில் ஒரு பிள்ளை இழுக்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஸ்கின்னரே இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த பியாஜே சொன்னது வேறு. பிள்ளையின் மனதில் ஏற்கெனவே ஒரு கணிப்பு இருக்கிறது. கண்முன் நடப்பது அதோடு மோதும்போது பிள்ளை தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறது. மோதல் வேண்டுமென்றால் முதலில் கணிப்பை வெளியே எடுக்க வேண்டும். படத்தை ஓடவிட்ட பிறகு ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் மோதலே நடக்காது, எல்லோரும் தலையாட்டுவார்கள்.

37 வயதில், 1934-ல், இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவிலுள்ள இடத்தைப் பற்றிப் பேசினார். அந்தத் துணைக்கு ‘சாரம்’ என்ற உவமை பின்னால் வந்தது. 1976-ல் வுட், புரூனர், ராஸ் மூவரும் சின்னப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்து எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. கட்டடம் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் அல்லவா? பலகையில் நாம் கட்டும் சாரத்தைப் பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. கட்டம் போட்ட பின்னணி, வண்ணம் தீட்டிய குறிப்பு, பாதி நிரப்பிய வாக்கியம் எல்லாம் கடைசிப் பக்கம் வரை அப்படியே கிடக்கும்.

ஒரு பாடத்தைக் கிட்டத்தில் காட்ட முடியுமா?

முக்கோணத்தின் பரப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி இரண்டால் வகு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் விரிகோண முக்கோணத்தைக் கொடுத்து உயரத்தை வரையச் சொன்னால் சாய்ந்த பக்கத்தையே உயரம் என்று காட்டுவார்கள். வருடாவருடம் இதே கதை.

ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து, அடிப்பக்கம் 6 அலகு, உயரம் 4 அலகு வரும்படி ஒரு முக்கோணம் வரையுங்கள். மேல்முனை, அடிப்பக்கத்துக்கு இணையான கோட்டில் மட்டும் நகரும்படி கட்டிப்போடுங்கள். பின்னணிக் கட்டம் தெரியட்டும். பரப்பு காட்டும் எண்ணை மறைத்துவிடுங்கள், அது முக்கியம்.

இப்போது கேள்வி: ‘இந்த முனையை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போகிறேன். அடிப்பக்கத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. பரப்பு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?’ யாரும் கை தூக்க வேண்டாம். ஆளுக்கொரு தாளில் ஒரே சொல்லில் எழுதி, எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டட்டும். முதல் தடவை நான் இதைச் செய்தபோது பாதிக்கு மேல் ‘குறையும்’ என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். ‘மெலிஞ்சிடுச்சு, சார்’ என்றான் ஒருவன். எவ்வளவு சரியான கவனிப்பு! மெலிந்துதான் போகிறது. பின்வரிசையிலிருந்து இன்னொரு பெண், ‘ஆனா நீண்டும் போகுதே’ என்றாள். பத்து நிமிடம் அந்த இரண்டு வாக்கியத்திலேயே ஓடியது. நான் பலகையைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் முனையை மெதுவாக இழுத்தேன். வெளியே வந்த நிலையில் நிறுத்தி, உயரத்தை வரைய ஒரு மாணவரைக் கூப்பிட்டேன். சாய்ந்த பக்கத்தின் மேலேயே கோடு போட்டார். அழிக்கவில்லை. முனையைப் பழைய இடத்துக்கு, முக்கோணத்துக்கு உள்ளே உயரம் விழும் நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே உயரத்தை வரையச் சொன்னேன். நேராக இறக்கினார். மறுபடி இழுத்தேன், அந்த நேர்க்கோடும் கூடவே நகர்ந்து முக்கோணத்தை விட்டு வெளியே போய் நின்றது. ‘ஓ, அது வெளிய கூட இருக்கலாமா’ என்றார். கடைசியில் மறைத்திருந்த எண்ணைத் திறந்தேன்: 12. எங்கே இழுத்தாலும் 12.

அடுத்த பக்கத்தில் கட்டம் கிடையாது, நகர்த்தலும் கிடையாது. வெறும் விரிகோண முக்கோணம் ஒன்று, தாளில் தனியாக. சாரம் பிரிக்கப்பட்டது இங்கேதான்.

இதையே கரும்பலகையில் செய்தால் ஐந்து முக்கோணம் வரைவேன். பிள்ளைகள் ஐந்து வேறு முக்கோணங்களைப் பார்ப்பார்கள். பலகையிலோ ஒரே முக்கோணம் மாறுகிறது. அடிப்பக்கமும் உயரமும் மாறாமல் நிற்க, வடிவம் மட்டும் மாறுகிறது. சுவீடனின் ஃபெரன்ஸ் மார்ட்டன் இதைத்தான் வேறுபாட்டுக் கோட்பாடு என்று வளர்த்தார்: எதைக் கவனிக்க வேண்டுமோ அது மட்டும் மாற வேண்டும், மற்றவை அசையக் கூடாது. லாரி உவமையை நான் முழுக்க ஏற்காததற்கு இந்த முக்கோணம்தான் காரணம்.

கணக்குக்குச் சரி. மொழிப் பாடத்தில் என்ன செய்வது?

புணர்ச்சி நடத்திப் பாருங்கள். பலகையில் மூன்று பெட்டி: தோன்றல், திரிதல், கெடுதல். வாழை + பழம், பொன் + குடம், மரம் + வேர் என்று சொற்களை நகர்த்தும்படி வைக்கிறீர்கள். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றியது, பொற்குடத்தில் ‘ன்’ ‘ற்’ ஆகத் திரிந்தது, மரவேரில் ‘ம்’ கெட்டது. பிள்ளைகள் சேர்ந்த சொல்லைச் சொல்லிவிட்டுப் பெட்டியில் போடுவார்கள். இதுவரை சாதாரணம்.

இப்போது மரம் + கிளை வையுங்கள். மரக்கிளை. ‘ம்’ கெட்டிருக்கிறது, ‘க்’ தோன்றியும் இருக்கிறது. எந்தப் பெட்டி? சண்டை தொடங்கும். ஒருவர் சொல்லை இரண்டு பெட்டிக்கும் நடுவில் வைப்பார், இன்னொருவர் நகலெடுத்து இரண்டிலும் போடுவார். யாராவது ஒருவர் எழுந்து வந்து, இரண்டு வட்டம் ஒன்றையொன்று வெட்டும்படி வரைவார். அந்த வட்டத்தை நீங்கள் முதலிலேயே வரைந்து வைத்திருந்தால் பாடம் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. இத்தகைய விளையாட்டு வார்ப்புருக்களில், தப்பான பெட்டியில் போட்டால் சொல் தானாகத் துள்ளித் திரும்பிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மூன்று பெட்டியிலும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள், மூன்றாவது தடவை கட்டாயம் சரி. திரும்பும் வசதியை அணைத்துவிடுங்கள். தப்பு பலகையிலேயே கிடக்கட்டும், வகுப்பு அதைப் பார்த்துப் பேசட்டும்.

ஒருவர் முன்னால் வந்து பலகையைத் தொடும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் நல்ல ஆசிரியர். ஊடாடும் பலகை என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. பலகையோடு ஊடாடுவது ஒருவர். வகுப்பு ஊடாடுகிறதா என்பது வேறு கேள்வி. 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலும் பாடவேளை முடிந்துவிடும்.

முன்னால் ஒருவர் வருவதற்கு முன் எல்லோரும் தங்கள் பதிலுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அதாவது எழுதியிருக்க வேண்டும். சிலேட்டு, பழைய தாளின் பின்பக்கம், விரல்களால் காட்டும் எண், எதுவானாலும் சரி. ஃபிராங்க் லைமன் 1981-ல் சொன்ன ‘யோசி, இருவராகப் பேசு, பகிர்’ முறைக்கும் ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் செய்ததற்கும் அடிப்படை இதுதான். மஸூர் ஒரு கேள்வி போடுவார், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் தருவார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தன் பதிலுக்கு இணங்கவைக்க முயல்வார்கள், மறுபடி பதில். இரண்டாம் சுற்றில் சரியான பதில்கள் கூடும். ஆசிரியர் விளக்கம் அதற்குப் பின்னால்தான்.

நான் வைத்திருக்கும் சின்ன வழக்கம்: முன்னால் வருகிறவர் தன் பதிலைப் போட மாட்டார். பக்கத்தில் இருப்பவருடைய பதிலைப் போட்டு, அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் சத்தம் வரும். வரட்டும்.

கேள்வி கேட்டதும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

மூன்று வினாடிக்குக் குறையாமல். மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே இல்லாத நேரங்கள் குறைந்தன, கேட்காமலேயே பேசும் பிள்ளைகள் கூடினார்கள். இன்னொரு காத்திருப்பும் உண்டு என்றார்: மாணவர் சொல்லி முடித்த பிறகு நாம் வாய் திறப்பதற்கு முன். அதுதான் கடினம்.

பலகை இந்த விஷயத்தில் நமக்கு எதிரி. அடுத்த பக்கம் ஒரு தட்டுத் தூரத்தில் இருக்கிறது, விரல் அரிக்கும். நான் கேள்வி கேட்டதும் பேனாவை அதன் தட்டில் வைத்துவிட்டு, பலகையிலிருந்து இரண்டு மேசை தள்ளி நடந்து போய்விடுவேன். திரும்பி வர எப்படியும் சில வினாடி ஆகும்.

அசைவூட்டம், இசை, வண்ணம் எவ்வளவு சேர்க்கலாம்?

நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். பலகை வந்த புதிதில் நீர்ச் சுழற்சிக்கு ஒரு பாடம் தயாரித்தேன். மேகம் மிதந்து வரும், இடி முழங்கும், ஓரத்தில் ஒரு தவளை குதித்துக்கொண்டே இருக்கும். விளக்கம் திரையில் எழுத்தாகவும் வரும், நானும் அதையே வாசிப்பேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது. மறுநாள் ‘நேற்று என்ன படித்தோம்?’ என்றேன். ‘தவளை!’ என்றது வகுப்பு. ஆவியாதல் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

நடந்தது என்ன என்று, கற்கும்போது மனதில் ஏறும் சுமையை ஆராய்ந்த ஜான் ஸ்வெல்லரைப் படித்த பிறகுதான் புரிந்தது. மனதின் வேலை செய்யும் நினைவகம் மிகச் சிறியது; ஒரே நேரத்தில் நாலைந்து புதிய விஷயத்தைத் தாங்கினாலே அதிகம். தவளைக்குக் கொடுத்த இடம் ஆவியாதலுக்குக் கிடைக்காது. ரிச்சர்ட் மேயர் இதைப் பல்லூடகப் பாடங்களில் வரிசையாகச் சோதித்துச் சில நெறிகள் தந்தார். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அழகை எடுத்துவிடு. படத்துக்குரிய சொல்லைப் படத்தின் மேலேயே வை, ஓரத்தில் பட்டியல் போடாதே. படம் ஓடும்போது வாயால் விளக்கினால் அதே வரியைத் திரையிலும் எழுதாதே. நீண்ட அசைவூட்டத்தைத் துண்டுகளாக்கி நடுவில் நிறுத்து.

இப்போதும் நீர்ச் சுழற்சி நடத்துகிறேன். வெறும் கோட்டுப் படம், நான்கு அம்புக்குறி. அம்புகளை வகுப்புதான் வைக்கிறது.

‘காட்சி வழி கற்பவர்’, ‘செவி வழி கற்பவர்’ என்று பிரித்துப் பலகைப் பாடம் தயாரிக்கலாமா?

வேண்டாம். 2008-ல் பாஷ்லரும் உடனாய்வாளர்களும் இந்தக் கருத்தைச் சோதித்த ஆய்வுகளை அலசினார்கள். அவரவர் கற்றல் பாணிக்கேற்ப நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. படமும் சொல்லும் சேர்ந்தால் எல்லோருக்குமே உதவும் என்பது வேறு விஷயம், அது ஆலன் பைவியோவின் இரட்டைக் குறியாக்கம். எதைப் படமாகக் காட்டுவது என்பதைப் பாடப்பொருள் தீர்மானிக்கட்டும். வரைபடத்தைக் காதால் கேட்க முடியாது.

புளூமின் படிநிலைகளை வைத்துப் பாடத்தைத் திட்டமிடலாமா?

தாராளமாக. ஆனால் ஒரே பாடவேளையில் நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தல் வரை எல்லாப் படியும் ஏறியாக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. கற்றல் நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை அடுக்கி புளூம் 1956-ல் தந்த பட்டியலை 2001-ல் ஆண்டர்சனும் கிராத்வாலும் திருத்தினார்கள், இரண்டுமே வகைப்பாடுகள்தான். நான் அதைத் தணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். தயாரித்த பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் பிள்ளை செய்யும் வினை என்ன என்று ஓரத்தில் எழுதுவேன். ‘பார்க்கிறது, பார்க்கிறது, பார்க்கிறது, பொருத்துகிறது’ என்று வந்தால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

எனக்கு மென்பொருள் சரியாக வராது. மாணவர்கள் முன்னால் தடுமாறுகிறேனே?

கீல் பல்கலைக்கழகத்தில் மில்லரும் குளோவரும் இந்தப் பலகையோடு ஆசிரியர்கள் வளரும் விதத்தைக் கவனித்து மூன்று கட்டம் சொன்னார்கள். முதலில் பலகை வெறும் காட்சிப் பொருள், பாடம் பழைய விரிவுரைதான். அடுத்து, மாணவர்களிடம் பதிலை வரவழைக்க ஆசிரியர் அதைப் பயன்படுத்தத் தொடங்குகிறார். மூன்றாவதில் அது கருத்துகளை நகர்த்தி, ஒப்பிட்டு, விவாதிக்கும் களமாகிறது. எல்லோரும் முதல் கட்டத்தில்தான் தொடங்குகிறோம். அங்கேயே வீடு கட்டிக் குடியேறாமல் இருந்தால் சரி.

தொழில்நுட்ப அறிவு மட்டும் போதாது என்பதற்கு மிஷ்ராவும் கோலரும் 2006-ல் ஒரு படம் தந்தார்கள்: பாடப்பொருள், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் என மூன்று வட்டம், நடுவில் மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடம். விரிகோண முக்கோணத்தில் பிள்ளை எங்கே வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது எந்த மென்பொருள் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். இழுத்து நகர்த்துவதை உங்கள் வகுப்புப் பிள்ளையே இரண்டு நிமிடத்தில் சொல்லித்தரும். கேளுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

தொடக்கத்துக்கு நான்கு கருவி போதும்: பேனா, திரையை மறைக்கும் திரைச்சீலை, நகலெடுத்தல், பக்கத்தைச் சேமித்தல்.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பாடங்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், பாதியை வெட்டிவிட்டு. பெரும்பாலானவை பதிலைச் சீக்கிரம் காட்டிவிடும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் சொருகுங்கள். அறிவியலுக்கு ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், அருமை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது, இலவசம். அவற்றில்கூட, எதையும் தொடுவதற்கு முன் ‘என்ன நடக்கும்?’ என்று எழுதவையுங்கள்.

சேமித்த பாடங்களை என்ன செய்வது?

மறுநாள் காலை திறக்க வேண்டும், ஆனால் உடனே காட்டக் கூடாது. ‘நேற்று பலகையில் கடைசியாக என்ன இருந்தது? நினைவிலிருந்து வரையுங்கள்’ என்று இரண்டு நிமிடம் கொடுங்கள். அப்புறம் காட்டுங்கள். ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் செய்த சோதனையில், மறுபடி வாசித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

கோப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கம்பெனி மென்பொருளுக்கும் தனி வடிவம், ஒன்றின் கோப்பு இன்னொன்றில் திறக்காது அல்லது சிதைந்து திறக்கும். கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியோடு நின்றேபோனது. எனவே பலகைக் கோப்போடு ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்து வையுங்கள். நகராது, ஆனால் காணாமலும் போகாது.

எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்? உயரம்?

கடைசி வரிசையில் நின்று நீங்களே வாசித்துப் பாருங்கள், வேறு அளவுகோல் வேண்டாம். பலகையின் மேல்பாதி குட்டைப் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டாது. நகர்த்த வேண்டியதையெல்லாம் கீழ்ப்பாதியில் வையுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்துச் சரி, தப்பு காட்டாதீர்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும், அதைச் சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

பாடத்தின் நடுவில் பலகை நின்றுவிட்டால்?

ஐந்து நிமிடத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கேபிளைப் பிடுங்கிச் சொருகுங்கள், அணைத்துப் போடுங்கள், வரவில்லையா, சாக்பீஸை எடுங்கள். முக்கோணப் பாடத்தை ஒருமுறை இரண்டு ஆணியும் ஒரு ரப்பர் வளையமும் வைத்து நடத்தினேன். இரண்டு ஆணி அடிப்பக்கத்தின் முனைகள், வளையத்தின் மூன்றாம் மூலையை ஒரு மாணவர் விரலால் இணைகோட்டின் மேல் இழுத்துக்கொண்டே போனார். பரப்பு கூடுமா குறையுமா என்று அதே கேள்வி, அதே சண்டை. ரப்பர் அறுந்தது, அது மட்டும்தான் வித்தியாசம்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பலகைப் பாடத்தைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிப்பது?

பலகையைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பார்க்கிறமாதிரி பக்கவாட்டில் உட்காருங்கள். ஒரு தாளில் மூன்று எண் மட்டும் குறியுங்கள். கேள்விக்கும் முதல் பதிலுக்கும் நடுவில் எத்தனை வினாடி. பதில் திரையில் தெரிவதற்கு முன் எத்தனை பேர் எதையாவது எழுதியிருந்தார்கள். மாணவர் ஒருவர் இன்னொரு மாணவரின் பேச்சுக்குப் பதில் சொன்னது எத்தனை தடவை. பாடம் முடிந்ததும் அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் உங்கள் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.